திறந்த ஏடும் மூடிய கதவும்

குடும்பம் நலமாய் வாழ வீட்டிற்குச் சன்னலும் வேண்டும், கதவும் வேண்டும். சன்னல் இல்லையேல் வெளிச்சம் வராது. கதவு இல்லையேல் மானம் காக்கப்படாது. நகர ஆட்சிக்கும் இந்நியதி பொருந்தும். வரிப்பணத்தில் நடைபெறும் ஆட்சியின் ஏடுகள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வேடுகளிலேயே மக்களின் சொந்த வாழ்வும் பதிவாகியிருக்கிறதே! அதனை என் செய்வது? இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்த நகரங்களுள் ஒன்று, அமெரிக்காவின் வடமேற்கில் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில்.

யாரும் கேட்கலாம்

1972 ஆம் ஆண்டில் அம்மாநில வாக்காளர்கள், அரசு ஆவணங்களைத் திறந்து வைக்கும் சட்டமொன்றைப் பொது வாக்கெடுப்பின் வழியே தாமே நிறைவேற்றினார்கள். அதன்படி எவரும் ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று பொதுவாகக் காரணம் சொல்லத் தேவையில்லை. அலுவலகம் 5 வேலை நாட்களுக்குள் மறுமொழி தரவேண்டும். முறைகேடாக மறுத்தால் நாளொன்றுக்கு 100 டாலர் வரை நீதிமன்றம் தண்டம் விதிக்கலாம். ஏழை எளியவரும் அதிகாரத்தைக் கேள்வி கேட்க வழிசெய்த நல்ல சட்டம் இது.

காலம் மாறியது, கருவிகளும் மாறின. 2014 ஆம் ஆண்டில் சியாட்டில் காவலர்கள் தம் உடையில் படக்கருவி அணியும் சோதனைத் திட்டம் உருவாயிற்று. பெயர் வெளியிடாத ஒருவர், எடுக்கப்படும் படங்கள் அனைத்தையும் தமக்குத் தருமாறு கேட்டார். காவல்துறை திகைத்தது. காவலர் நுழையும் இல்லங்கள் எத்தகையவை? கணவனால் அடிபட்ட பெண் அழும் இல்லம்; மரணம் புகுந்த இல்லம்; குழந்தைகள் அஞ்சி நடுங்கும் இல்லம். அக்கண்ணீரை ஊரறியக் காட்டுவது முறையாகுமா? காவலரின் நடத்தையைக் கண்காணிக்க வந்த கருவி, துன்புறுவோரை வேடிக்கைப் பொருளாக்கலாகாது அன்றோ?

நகர நிர்வாகம் கேட்டவரைப் பகைக்கவில்லை, அழைத்துப் பேசியது. அவரும் தம் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். பின்னர், 2016 இல் மாநிலச் சட்டமன்றம் புதிய விதி வகுத்தது. படம் கேட்பவர், எந்த நிகழ்ச்சி, எந்த நேரம், எந்தக் காவலர் என்பன போன்ற குறிப்பினைத் தரவேண்டும். வீட்டின் உட்புறம், மருத்துவமனை, சிறுவர், இறந்தவர் உடல் ஆகியவற்றைக் காட்டும் பகுதிகளுக்குச் சிறப்புப் பாதுகாப்பும் அளிக்கப்பட்டது.

சேர்க்காததைக் கேட்க முடியாது

2015 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம், மக்களின் அந்தரங்கத்தைப் பேணும் கோட்பாடுகளைத் தீர்மானமாக ஏற்றது. தேவையான விவரங்களை மட்டுமே திரட்டுவதும், தேவையான காலம் மட்டுமே வைத்திருப்பதும் அவற்றுள் ஒன்று. இதன் பொருள் ஆழமானது. அலுவலகத்தில் சேர்ந்த விவரம் என்றேனும் கேட்கப்படலாம். சேராத விவரத்தை எவரும் கேட்க இயலாது. மேலும், மக்களைக் கண்காணிக்கும் கருவிகளை வாங்குமுன் துறைகள் நகர மன்றத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும் என 2017 இன் சட்டம் ஆணையிட்டது.

இத்துடன் எல்லாம் செம்மையாகிவிட்டது எனக் கருதலாகாது. நல்ல கோட்பாடுகள் கொண்ட அந்நகரத்திலேயே, மேயர் ஜென்னி டர்கனின் கைபேசியிலிருந்து ஏறத்தாழ 10 மாதக் குறுஞ்செய்திகள் அழிந்துபோயிருந்தன என்பது 2021 இல் வெளியாயிற்று. அவற்றுள் 2020 ஆம் ஆண்டின் பெரும் போராட்ட நாட்களும் அடங்கும். ஆவணக் கோரிக்கைகளைக் கவனித்து வந்த ஊழியர் இருவர் முறையீடு செய்ததன் விளைவாகவே உண்மை வெளிப்பட்டது. வேலையை விட்டு விலகிய அவ்விருவரும் தொடுத்த வழக்கில், 2023 இல் நகரம் 23 இலட்சம் டாலர் தர இசைந்தது. அப்பணமும் மக்களின் வரிப்பணமே!

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அடிபட்ட பெண்ணின் முகத்தை மறைப்பதும் மறைப்பே. ஆள்பவரின் செய்தி மறைவதும் மறைப்பே. ஆனால் முன்னது வலுவற்றவரைக் காக்கிறது; பின்னது வலுவுள்ளவரைக் காக்கிறது. ஆகவே அந்தரங்கம் என்ற பெயரில் எவரேனும் திரையிடும்போது, அத்திரைக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று கேட்பது குடிமக்களின் கடமை. அதுபோலவே, விண்ணப்பத் தாளில் நம் குடும்ப விவரங்களை நிரப்புமுன், இஃது எதற்குத் தேவை எனப் பணிவோடு கேட்பதும் நம் உரிமையே. ஆட்சியின் சன்னல் திறந்திருக்கட்டும். இல்லத்தின் கதவு காக்கப்படட்டும்.