சிப்பாய்க்கு ஓர் இருக்கை

சிகாகோவின் யுனைடெட் சென்டர் அரங்கில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் தொடங்கப்போகிறது. விளக்குகளைக் குறைத்துப் பனித்தளத்தின்மேல் கம்பளம் விரிக்கிறார்கள். பாடகர் ஜிம் கார்னலிசன் வந்து நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் பழைய போர் ஒன்றிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர். இன்னும் படையில் பணியாற்றும் இளையவர் ஒருவர். தேசிய கீதத்தின் முதல் சொல்லுக்கே கூட்டம் கத்தத் தொடங்குகிறது, கடைசிச் சொல் வரை ஓய்வதில்லை. கீதம் ஒலித்தால் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழகிய நமக்கு இது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் 1985இலிருந்து அதுதான் மரியாதை.

அதே ஊரில் 1918 செப்டம்பர் 5 அன்று நடந்தது வேறு மாதிரி. காமிஸ்கி பார்க்கில் பேஸ்பால் வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டம். சிகாகோ கப்ஸுக்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும். முதல் உலகப்போர் முடியவில்லை. முந்தைய நாள்தான் நகரின் மத்திய அரசுக் கட்டடத்தில் குண்டு வெடித்து நான்கு பேர் இறந்திருந்தார்கள். வந்திருந்த 19,274 பேரிடமும் உற்சாகம் இல்லை. ஏழாவது இன்னிங்ஸில், வழக்கம்போல எல்லோரும் எழுந்து கைகால் நீட்டிக்கொண்ட நேரத்தில், பேண்டுக்காரர்கள் ஒரு பாட்டை எடுத்தார்கள். அது தேசிய கீதமாக ஆனது 1931இல்தான். அன்றைக்கு அது ஒரு தேசபக்திப் பாட்டு, அவ்வளவே. ரெட் சாக்ஸின் ஃபிரெட் தாமஸ் கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி முகாமிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்தவர். பாட்டு கேட்டதும் கொடியை நோக்கித் திரும்பி சல்யூட் அடித்தார். கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குரல்கள் சேர்ந்தன. முடியும்போது அரங்கமே பாடியது, கைதட்டியது. யாரும் ஏற்பாடு செய்யாத மரியாதை அது. அன்று பேப் ரூத் பந்து வீசி 1-0 என்று ஜெயித்துக் கொடுத்தார் என்பதுகூடப் பலருக்கு இரண்டாவது செய்திதான்.

தொடர் பாஸ்டனுக்குப் போனது. ரெட் சாக்ஸ் உரிமையாளர் ஹாரி ஃபிரேஸீ வியாபாரி. எது எடுபடுகிறது என்று அவருக்குத் தெரியும். பாட்டை ஆட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்தார். போரில் காயம்பட்டுத் திரும்பியவர்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்தார். ஐந்தாவது ஆட்டத்தன்று இரண்டு அணி வீரர்களும் தங்கள் பங்குப் பணம் குறைந்துவிட்டதென்று ஒரு மணிநேரம் களம் இறங்க மறுத்தார்கள். கடைசியில், மக்களுக்காகவும் கேலரியில் காத்திருக்கும் காயம்பட்ட சிப்பாய்களுக்காகவும் ஆடுகிறோம் என்று இறங்கினார்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்தச் சிப்பாய்கள் ஆட்டம் பார்க்க வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஓர் இருக்கை.

அந்தத் தலைமுறை மரியாதையைப் பெயராகவும் கல்லாகவும் வைத்தது. சிகாகோவில் ஏரிக்கரை விளையாட்டரங்குக்கு 1925 நவம்பர் 11இல் 'சோல்ஜர் ஃபீல்டு' என்று பெயர் சூட்டினார்கள். அதே ஊரின் ஹாக்கி அணியை 1926இல் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்லாக்லின், போரில் தான் பணியாற்றிய 86ஆவது டிவிஷனின் பட்டப்பெயரான 'பிளாக்ஹாக்'கையே அணிக்கு வைத்தார். (அந்தப் பெயருக்குரிய பூர்வகுடித் தலைவர் 1832இல் அமெரிக்கப் படையோடு போரிட்டவர் என்பது தனிக்கதை.)

ஆனால் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கம்பளமும் இல்லை, கைதட்டலும் இல்லை. பலர் சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு ஓசையில்லாமல் வேலைக்குப் போனார்கள். சிகாகோ அவர்களுக்கு வரவேற்பு ஊர்வலம் நடத்தியது 1986 ஜூன் 13 அன்று, போர் முடிந்து பதினோரு வருடம் கழித்து. சுமார் 2 லட்சம் பேர் அணிவகுத்தார்கள். அதற்கு ஐந்து வருடம் கழித்து, வளைகுடாப் போர் தொடங்கிய மூன்றாம் நாள், 1991 ஜனவரி 19 அன்று, பழைய சிகாகோ ஸ்டேடியத்தில் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல்.லின் நட்சத்திர ஆட்டம். கீதத்தின்போது கொடிகளை அசைத்துக் கூட்டம் போட்ட சத்தத்தில் பாடியவர் குரலே அமுங்கியது. வியட்நாமுக்குச் செலுத்தாத பாக்கியும் அந்தச் சத்தத்தில் கலந்திருந்ததாக எனக்குத் தோன்றும்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, படையினருக்கான இந்த மரியாதை நாடெங்கும் ஆட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் ஏறியது. சான் டியேகோவின் பாட்ரேஸ் பேஸ்பால் அணி 2000த்திலேயே படைச் சீருடை நிறத்தில் சட்டை போட்டு ஆடியது. அது கடற்படை ஊர், அங்கே அது பொருந்தும். மற்ற ஊர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ராட்சதத் திரை, மைதானம் முழுக்க விரியும் கொடி, 'ஊர் நாயகன்' என்ற அறிவிப்பு எல்லாம் வந்தன. இதற்குச் சில இடங்களில் பில் போடப்பட்டது 2015இல்தான் வெளியே தெரிந்தது. செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃபிளேக்கும் வெளியிட்ட அறிக்கையின்படி, பாதுகாப்புத் துறை 2012இலிருந்து இப்படிப்பட்ட தேசபக்திக் காட்சிகளுக்காகத் தொழில்முறை அணிகளுக்குக் கொடுத்தது 68 லட்சம் டாலர். ஆள் சேர்ப்பு விளம்பரக் கணக்கில் போன பணம். மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்தரை ஆண்டு சிறையில் கிடந்தவர். அவர் கோபத்தை யாரும் அரசியல் என்று தள்ளிவிட முடியவில்லை. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். தணிக்கை செய்து மறு வருடம் 7 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது.

பணம் வாங்காமல் மனதார இதைச் செய்கிற அணிகளும் இருக்கின்றன. கைதட்டுகிறவர்கள் யாரும் காசு வாங்கிக்கொண்டு தட்டியதில்லை. உறுத்துவது வேறு. ஃபிரேஸீயின் கேலரியில் சிப்பாய் நம்மைப்போல ஒரு ரசிகர். இப்போது அவரே காட்சி. தொண்ணூறு வயதிலும் கேமராவுக்கு முன் நேராக நிற்க வேண்டும், இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

கீதம் முடிகிறது. கார்னலிசன் கொடியைச் சுட்டிய கையை இறக்குகிறார். வீரர்கள் ஒவ்வொருவராக வந்து முதியவரிடம் கை குலுக்குகிறார்கள். பிறகு கம்பளத்தைச் சுருட்டுகிறார்கள். அவரை மெதுவாகக் கைப்பிடித்து அழைத்துப் போகிறார்கள். கூட்டம் அதற்குள் பக் என்ற ரப்பர் தட்டு விழும் வட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. எங்கேயோ மேலே, அவருக்கென்று ஓர் இருக்கை இருக்கும்.