வெள்ளமும் ஆவணமும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் பெங்களூரு. இவ்வளவு உயரத்தில் உள்ள ஊரிலும் வெள்ளம் புகும் என்பதை 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதப் பெருமழை காட்டியது. செப்டம்பர் 4ஆம் நாள் இரவு கனமழை கொட்டியது. ஏரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'ராஜகாலுவே' எனப்படும் பெருங்கால்வாய்கள் பல இடங்களில் ஆக்கிரமிப்பால் குறுகியிருந்தன. செல்ல வழியற்ற நீர் பெள்ளந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் ஏறி வெளியேறினர்.

இத்தகைய இழப்பை ஈடுசெய்ய உதவுவது காப்பீடு. பலர் ஆண்டுதோறும் செலுத்தும் சிறு தொகைகள் ஒன்றாகச் சேர்கின்றன. அவர்களுள் இழப்பு நேர்ந்தவருக்கு அதிலிருந்து ஈடு வழங்கப்படுகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் வீட்டுக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம் முதலியவற்றால் நேரும் சேதம் இதில் அடங்கும். வாடகை வீட்டில் குடியிருப்போரும் தம் உடைமைகளுக்கு மட்டும் காப்பீடு செய்துகொள்ளலாம்.

ஆனால், வெள்ளம் வந்தபோது காப்பீட்டு நிறுவனத்தார் அவ்வீட்டில் இருந்து பார்க்கவில்லை. ஆகவே அவர்கள் மூன்று வினாக்களைக் கேட்கின்றனர். ஒப்பந்தம் அன்று நடப்பில் இருந்ததா? சேதம் வெள்ளத்தால்தான் நேர்ந்ததா? சேதமடைந்தவற்றின் மதிப்பு எவ்வளவு? முதல் வினாவிற்குக் காப்பீட்டுப் பத்திரம் விடை கூறும். இரண்டாவதற்கு ஒளிப்படங்கள் விடை கூறும். மூன்றாவதற்குக் கடை ரசீதுகளும் பழுதுபார்ப்போர் தரும் செலவு மதிப்பீடும் விடை கூறும்.

நீர் வடிந்ததும் முதலில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளதா எனப் பெரியவர்கள் உறுதிசெய்ய வேண்டும். சேற்றைக் கழுவுவதற்கு முன்பே, சுவரில் நீர் நின்ற தடத்தையும் நனைந்த பொருள்களையும் படம் எடுத்தல் வேண்டும். நிறுவனத்திற்கு உடனே தெரிவித்து, கோரிக்கை எண்ணைப் பெற வேண்டும். அதன்பின் சேதத்தை அளவிடும் மதிப்பீட்டாளர் வருவார். அவர் பார்க்கும்வரை பழுதான பொருள்களை எறிந்துவிடலாகாது.

தொலைபேசியில் பேசிய சொல்லுக்குப் பின்னாளில் சான்று இராது. எனவே பேசிய நாள், நேரம், பேசிய அலுவலரின் பெயர், அவர் கூறியது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நலம். அச்செய்தியையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டால், அது இருவரிடத்தும் பதிவாக நிற்கும். நேரில் கொடுக்கும் கடிதத்திற்கு நாளிட்ட ஒப்புகை பெற வேண்டும். படியைக் கொடுத்து மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. சேக்கிழாரின் பெரியபுராணத்தில், முதியவர் ஒருவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலையே. மூல ஓலையை முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டி வழக்கை வெல்கிறார். அவையோர் ஓலையில் உள்ள கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்பு வழங்கினர்.

வெள்ளம் ஆவணங்களையே அழித்துவிட்டால் என்ன செய்வது? பத்திரத்தின் படியை நிறுவனத்திடமும், ரசீதின் படியைக் கடையிலும் கேட்கலாம். வங்கிக் கணக்கு விவரமும் துணைபுரியும். ஆவணங்களைப் படமெடுத்து மின்னஞ்சலில் சேமித்து, ஒரு படியை ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் வைத்திருந்தால் இத்துன்பம் குறையும்.

நிறுவனத்திடம் முறையிட்டும் ஒரு மாதத்திற்குள் விடை வராவிட்டால், அல்லது வந்த விடை நிறைவளிக்காவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கர்நாடகத்திற்கான அவரது அலுவலகம் பெங்களூரிலேயே உள்ளது. அங்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தேதி வாரியாக அடுக்கிய கடிதங்களே அங்குப் பேசும்.

வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களுக்கு அறிவிப்புகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. அவற்றைப் படித்துப் பெற்றோருக்குத் தமிழில் விளக்குவது, பள்ளியில் கற்கும் பிள்ளைகள் செய்யக்கூடிய பேருதவி. வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பர் பெரியோர். உடைமைகளின் பட்டியலும் அத்தகையதோர் அணையே.

அருஞ்சொற்பொருள்
ஈடு – இழந்ததற்கு நிகராகத் தருவது
ஒப்புகை – பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்று
படி – நகல்
மூலம் – முதல் ஆவணம்

பயிற்சி
1. காப்பீட்டு நிறுவனத்தார் கேட்கும் மூன்று வினாக்கள் யாவை?
2. படியைக் கொடுத்து மூலத்தை வைத்துக்கொள்ள வேண்டுவது ஏன்?
3. வீட்டில் உள்ள பத்துப் பொருள்களின் பெயர், வாங்கிய ஆண்டு, விலை ஆகியவற்றைப் பெற்றோரிடம் கேட்டுத் தமிழில் பட்டியலிடுக.