கூடத்துப் பெட்டியும் கைப்பெட்டியும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இரவு எட்டு மணி என்றால் குடும்ப ஜெபம். கூடத்தில் பாய் விரிப்பார்கள். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஒரு அதிகாரம். கடைசியில் வீட்டுக்கு மூத்தவர் முழங்காலிட்டுச் செய்யும் நீண்ட ஜெபம். அதற்குள் கடைக்குட்டி தூங்கியிருக்கும். ஜெபம் முடிந்தால்தான் சோறு என்ற வீடுகளில் பிள்ளைகள் கீர்த்தனையைக் கொஞ்சம் விரைவாகவே பாடினார்கள்.

அந்தக் கூடத்துக்குள் முதலில் நுழைந்தது வானொலி. முகம் சுளித்த பெரியவர்களும், சிற்றலையில் சீசெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா, மணிலாவிலிருந்து வேரித்தாஸ் என்ற கிறிஸ்தவ நிலையங்கள் தமிழில் பேசியதும் அதைப் பாதி மன்னித்தார்கள். டி.வி. அப்படித் தப்பவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், கடலோர ஊர்களில் உயரக் கம்பம் நட்டு ஆண்டெனாவைத் தீவைப் பார்க்கத் திருப்பினார்கள். பிறகு கொடைக்கானல் கோபுரம் வழியே சென்னை நிகழ்ச்சிகள் வந்தன. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை சினிமா. மாலை ஆராதனைக்கு ஆள் குறைகிறது என்று பிரசங்க பீடத்திலேயே கண்டித்த ஐயர்மார் உண்டு. வீடுகள் ஜெப நேரத்தை முன்னே பின்னே நகர்த்திச் சமாளித்தன.

சமாளிக்க முடிந்ததில் பக்திக்குப் பாதிப் பங்கு கொடுக்கலாம். மீதி, அந்தப் பெட்டியின் குணம். வீட்டுக்கு ஒன்றுதான்; கூடத்தில்தான் இருக்கும்; ராத்திரி ஒளிபரப்பு முடிந்தால் அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. யார் என்ன பார்க்கிறார்கள் என்பது பாட்டிக்கும் தெரியும்.

கைப்பெட்டியான போன் அப்படியில்லை. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. 2020 ஊரடங்கில் ஆராதனையே யூடியூபுக்குப் போனது. கோயிலும் பள்ளிக்கூடமும் போனுக்குள் வந்தபின் பிள்ளை கையிலிருந்து அதை எப்படிப் பிடுங்குவது? வேதாகமமும் செயலியாகிவிட்டது. வசனம் தேடப் போன விரல் ரீல்ஸில் போய் நிற்கிறது. 66 புத்தகங்களின் பெயரை ஞாயிறு பள்ளியில் மூச்சுவிடாமல் ஒப்பித்து, ஆபகூக்கைப் பக்கம் புரட்டிக் கண்டுபிடித்த தலைமுறைக்கு இது வருத்தம்தான்.

ஆனால் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல நியாயமில்லை. விடியுமுன் எல்லாக் குழுக்களுக்கும் வசனப் படம் அனுப்பிவிட்டு, கூடவே ‘பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம்’ என்பதையும் தள்ளிவிடுகிற தாத்தாவை யார் கேட்பது? ஜெபத்தின் நடுவே போன் அதிர்ந்தால் ஒற்றைக் கண்ணைத் திறப்பவர் பெரும்பாலும் அப்பாதான்.

கொஞ்சம் நிம்மதியாக இருக்கிற வீடுகள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை: போனையும் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டன. ஜெபத்துக்கு உட்காரும்போது எல்லாப் போனும் ஷோகேஸ் மேலே, அப்பாவுடையது முதலில். இரவு சார்ஜ் போடுவதும் கூடத்தில்தான். எழுப்ப ஓர் அலாரம் கடிகாரம். வாசிக்க அச்சடித்த வேதாகமம். துபாயில் இருக்கும் மகனுக்காக ஒரு போன் மட்டும் விழித்திருக்கும். வீடியோவில் அவனும் பாடுவான், எப்போதும் ஓர் அடி பின்தங்கி. அதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

சிக்கல் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில்தான். பாடக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். “இங்கேயே உட்கார்ந்து எழுது” என்று அம்மா போனைக் கொடுக்கிறாள். அதே கூடத்தில் பாட்டி யூடியூபில் பிரசங்கம் கேட்கிறார், தெருவுக்கே கேட்கும்படி. இயர்போன் வாங்கித் தரலாம். அதை அவரிடம் யார் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.