கடலில் விழுந்தாலும் பிழைக்கும் டிரோன்

படகில் போய்க் கடலைப் படம் பிடிக்க கேமரா டிரோன் வாங்க விரும்பும் அன்பர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் அதன் ஐ.பி. எண்ணைக் கேட்க வேண்டும். 67 என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. ஆனால் அது நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை. உப்பு நீர் மோட்டாரை அரித்துவிடும். கரை சேர்ந்ததும் நன்னீரில் அலசியே ஆக வேண்டும்.

நீர் புகாதது மட்டும் போதாது, மிதக்கவும் வேண்டும். மூழ்கிப் போனால் யார் முத்துக் குளிப்பது?

துபாய் மைத்துனர் கொண்டு வருவார் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டு டிரோன் இறக்குமதியை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது. சுங்கத்தில் பறிபோனால் சேமித்த பணமும் போச்சு.