பந்தயத்தில் பணம் கட்டவா, குதிரைக்கு வைத்தியம் பார்க்கவா?

இன்று மாடி வீடுகளும் கடைகளுமாக மின்னும் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் என்றால் நம் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்தே பங்சார் ஆயிற்று என்பர். நம்மவர்கள் அங்கே பால்மரம் வெட்டினார்கள்.

அங்கிருந்து சில மைல் தூரத்தில், அம்பாங் சாலையில், 1896-ல் தோன்றிய சிலாங்கூர் பந்தய மன்றத்தின் குதிரைத் திடல் இருந்தது. 1990-களில் அது சுங்கை பெசிக்குப் போய்விட, பழைய இடத்தில் இரட்டைக் கோபுரம் எழுந்தது. சம்பளத்தைக் குதிரையின் மேல் கட்டிவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பியவர்களின் கதை நாம் கேட்காததல்ல. "அடுத்த வாட்டி அடிச்சிரும்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையின் புத்தகக் காசு போயிற்று.

அதே திடலில் ஒரு காசும் கட்டாமல் கௌரவமாகச் சம்பாதித்தவரும் உண்டு. அவர்தாம் குதிரை டாக்டர்.

அவர் குதிரையை ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார். காலைத் தடவிச் சூடு, வீக்கம் அறிவார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. ஆகவே வயிற்று வலி கண்டால் உயிருக்கே ஆபத்து. நள்ளிரவிலும் ஓட வேண்டும். ஊக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என அறிய இரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். கால் சரியில்லாத குதிரையை, எத்தனை பேர் பணம் கட்டியிருந்தாலும், "இது ஓடக்கூடாது" என்று சொல்ல வேண்டியவர் அவரே. வாயில்லாச் சீவனுக்கு அவர்தாம் வாய்.

"நம்ம புள்ளைக்கு இதெல்லாம் எட்டுமாங்க?" என்று கேட்பீர்கள். ஏன் எட்டாது? செர்டாங் பல்கலைக்கழகத்தில் 1972-லேயே மிருக வைத்தியப் பிரிவு தொடங்கிவிட்டது. ஐந்தாண்டுப் படிப்பு. உயிரியலும் இரசாயனமும் நன்றாக வரவேண்டும்.

குதிரையை மட்டும் நம்பவும் வேண்டாம். சிங்கப்பூரில் பந்தயம் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஆனால் ஆடு, மாடு, கோழி, நாய் எங்கும் உண்டு. அவற்றுக்கும் இதே டாக்டர்தான்.

மாடு அசைபோடாமல் நின்றால், "இதுக்கு ஒடம்பு சரியில்ல" என்று பார்த்தவுடன் சொல்லும் பாட்டி நம் வீடுகளில் இருந்தாள். அந்தக் கண் பேரப்பிள்ளைக்கும் இருக்கும். புத்தகத்தை மட்டும் நாம் வாங்கிக் கொடுப்போம்.