அப்டேட் பாதியில் நிற்கும் மடிக்கணினி: பவர் பட்டனைத் தொடும் முன்...

திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. கீழே, கணினியை அணைக்க வேண்டாம் என்ற வரி. பக்கத்தில் 35 விழுக்காடு. முக்கால் மணி நேரமாக அதே 35. மறுநாள் காலையில் பிள்ளை இடுபணியை ஒப்படைக்க வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே மடிக்கணினி. பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடுகிறோம். நின்று போனதாக நாம் நினைக்கும் பல கணினிகள் உண்மையில் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

விண்டோஸ் அப்டேட் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், நாம் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே தேவையான கோப்புகள் இறங்கிவிடும். பிறகு கணினி ரீஸ்டார்ட் ஆகி, பழைய கோப்புகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தும். நாம் பார்க்கும் விழுக்காடு இந்த இரண்டாவது கட்டத்துக்குரியது. ஆகவே, ‘லைன் ஸ்லோ’ என்று வைஃபை பெட்டியைத் தட்டிப் பயனில்லை.

அந்த எண் கடிகாரமும் அல்ல. ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்கு ஒரு நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். எஸ்எஸ்டி உள்ள கணினி விரைவில் முடித்துவிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினி, விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறுவது போன்ற பெரிய வேலைக்குச் சில மணி நேரம் எடுத்தாலும் வியப்பில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், இந்த மாற்றம் பல வீடுகளுக்கு வந்திருக்கிறது.

முதலில் சார்ஜரைச் செருகுங்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா, உள்ளே மெல்லிய ஓசை கேட்கிறதா, புள்ளிகள் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரவு முழுவதும் ஓடட்டும். பெண்டிரைவ், பிரிண்டர் போன்றவை செருகியிருந்தால் கழற்றிவிடலாம். சில வேளைகளில் அவையே தடையாக இருக்கும்.

மூன்று, நான்கு மணி நேரமாகியும் விளக்கு, ஓசை, அசைவு எதுவுமே இல்லையென்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி அணைத்து, மீண்டும் திறக்கலாம். பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப முயலும். அதற்கும் நேரம் பிடிக்கும். இரண்டாவது முறை அணைத்துவிடாதீர்கள், உண்மையான சேதம் பல நேரம் அங்கேதான் நடக்கிறது.

கணினி திறக்கவே மறுத்தால், பழுதுபார்க்கும் நீலத் திரை வரும். அதில் ‘ட்ரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’, அதனுள் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. கடைசியாக வந்த அப்டேட்டை அங்கிருந்தே நீக்கலாம்.

அப்போது சில கணினிகள் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். இதுதான் பிட்லாக்கர் சாவி. பல புதிய கணினிகளில் நமக்குத் தெரியாமலேயே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் கல்யாணப் படங்களையும் பிள்ளையின் பாடங்களையும் கடைக்காரராலும் எடுக்க முடியாது. கணினியை முதன்முதலில் திறந்தபோது பயன்படுத்திய மைக்ரோசாப்ட் கணக்கில் அது பொதுவாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு உங்களுடையதா, விற்ற கடைக்காரர் தொடங்கியதா, பள்ளி கொடுத்ததா என்று இன்றே கேட்டு வையுங்கள். கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து, எண்ணைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடலாம்.

கடைக்குக் கொண்டுபோனால், ‘ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். சரியாகும், ஆனால் உள்ளே இருந்தவை அழிந்துவிடும். கோப்புகளை முதலில் வேறு டிஸ்க்கில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பெரிய அப்டேட்டுக்கு முன் 20 ஜிபி அளவுக்காவது இடத்தைக் காலி செய்யுங்கள். மழையும் இடியுமாக மின்சாரம் போய்வரும் மாலையில் தொடங்க வேண்டாம், பேட்டரி செத்த கணினியாக இருந்தால் கட்டாயம் வேண்டாம். பள்ளிக்கு விடுமுறையான வெள்ளி இரவோ சனிக்கிழமையோ பார்த்துத் தொடங்கலாம். தேர்வுக் காலமென்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய்ச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைக்கும் வசதியும் இருக்கிறது.