விமானம் ஏறும் சைக்கிள்

எண்பது கிலோ ஆளைச் சுமந்து கோடம்பாக்கம் மேம்பாலத்தை ஏறி இறங்கும் சைக்கிள், விமானத்தில் போய் இறங்கும்போது மட்டும் ஏன் வளைந்து நிற்கிறது? மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பக்கவாட்டு அடிக்கு அது நோஞ்சான். சரக்கு அறையிலோ படுக்கப்போட்டு மேலே சூட்கேஸ்களை அடுக்கிவிடுவார்கள். பெட்டியில் கட்டும் வேலை முழுக்க இந்தப் பக்கவாட்டு அடியைச் சமாளிக்கத்தான்.

சைக்கிள் கடையில் சொல்லிவைத்தால், புது வண்டி வந்த அட்டைப்பெட்டி கிடைக்கும். அதில் அடங்க முன்சக்கரம், பெடல், ஹேண்டில்பார், சீட் நான்கையும் கழற்ற வேண்டும். பெடலுக்குப் பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர். வலது பெடல் இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடல் வலஞ்சுழியாக. மிதிக்க மிதிக்கத் தளர்ந்துவிடாதிருக்க இடப்பக்க மரையைத் தலைகீழாக வெட்டியிருக்கிறார்கள். இது தெரியாமல் மேலும் இறுக்கிவிட்டுத் துருவைத் திட்டுகிறவர்கள் உண்டு.

சக்கரம் இல்லாத ஃபோர்க்கின் கால்களுக்கு நடுவே ஒரு முட்டு கொடுங்கள், இல்லையேல் நசுங்கும். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு இடையில் மடித்த அட்டை. எல்லாவற்றிலும் சவலை, கியர் மாற்றும் பின்பக்க டீரெய்லர் தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு. பெரிய அடி விழுந்தால் ஃபிரேம் பிழைக்கட்டும் என்று, தான் வளைவதற்காகவே வைத்தது. டீரெய்லரைக் கழற்றித் துணி சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடலாம். அந்தத் துண்டு மாடலுக்கு மாடல் மாறும், அவசரத்துக்குக் கிடைக்காது. உபரியாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. 1,200 கி.மீ.யை 90 மணி நேரத்துக்குள் ஓட்டும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணத்துக்கு 2019இல் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் போனார்கள். அங்கே போய் இதற்காகக் கடை தேடி அலைய முடியுமா?

உயரே போனால் டயர் வெடிக்கும் என்பது கணக்கில் நிற்காத பயம். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும் காற்றழுத்தம் உண்டு. ஊட்டியைவிடச் சற்று உயரத்தில் இருப்பதுபோல. டயருக்குக் கூடும் சுமை 4 பி.எஸ்.ஐ.கூட இல்லை. ஆனாலும் விமான நிறுவனங்கள் காற்றை இறக்கச் சொல்கின்றன. கொஞ்சம் இறக்குங்கள், முழுக்க வேண்டாம். மிச்சக் காற்று ரிம்மைக் காக்கும்.

மின்சைக்கிள்காரர்களுக்கு வழியில்லை. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி கொண்டுபோக முடியாது; மின்சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் அதைத் தாண்டியவை.

கட்டிய பெட்டி ஆட்டோவில் நுழையாது. பின்சீட்டு மடங்கும் கார் பிடியுங்கள். அளவையும் எடையையும் விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்பேனரைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். சைக்கிளோடு பெட்டிக்குள்ளேயே போட்டு ஒட்டுங்கள்.